வாசகர் கேள்வி–பதில்: காலநிலை மாற்றம் படிக்கப் போகிறவர்களுக்கு

கே: பி.காம். முடித்திருக்கிறேன். ‘காலநிலைச் செயல்பாடும் தலைமைத்துவமும்’ என்ற மாதிரிப் பெயர்களில் முதுகலைப் படிப்புகள் வந்திருக்கின்றன. அறிவியல் படிக்காத நான் சேரலாமா?
– வாசகி, தேவகோட்டை

ப: தாராளமாகச் சேரலாம். ஆனால் பெயரை நம்பிச் சேராதீர்கள்; பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். இந்தத் துறையில் மூன்று வழிகள் உண்டு. வளிமண்டலம், பருவமழை, கணினி மாதிரிகள் என்று போவது ஒன்று. அதற்குக் கணிதமும் இயற்பியலும் பட்டப்படிப்பிலேயே இருந்திருக்க வேண்டும். வறட்சியையும் வெள்ளத்தையும் சமாளிக்க ஊரைத் தயார்செய்வது இரண்டாவது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைப்பது, அதற்கான சட்டம், நிதி, கணக்கு எல்லாம் மூன்றாவது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. வல்லுநர் குழுவான ஐ.பி.சி.சி.யின் மூன்று பணிக்குழுக்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. பெயரில் ‘தலைமைத்துவம்’ இருந்தால் பெரும்பாலும் பின்னிரண்டும் கலந்திருக்கும்.

உங்களுக்கு மூன்றாவது வழி நன்றாகப் பொருந்தும். பங்குச்சந்தையில் பட்டியலானவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி அறிக்கை தரவேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்குக் கார்பன் கணக்கு எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டும். எரிபொருளை எரிப்பது போல நிறுவனம் தானே நேரடியாக வெளியிடும் உமிழ்வு ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரத்தால் வரும் உமிழ்வு ஸ்கோப் 2, வாங்கும் பொருள் போன்ற மற்ற எல்லாவற்றின் உமிழ்வும் ஸ்கோப் 3. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சூளை கிடையாது. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். முதலிரண்டு ஸ்கோப்பும் சொற்பம்தான். அதோடு கணக்கை முடித்தால் தப்பு. உள்ளே போகும் சிமென்ட், ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிட்டுத்தான் பட்டறைக்கு வருகிறது. அது ஸ்கோப் 3. புதிதாகக் கணக்கெழுதுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

இந்தியாவில் மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), டெல்லி டெரி ஸ்கூல் ஆஃப் அட்வான்ஸ்டு ஸ்டடீஸ் (முன்பு டெரி பல்கலைக்கழகம்) இரண்டையும் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கேட்கிறார்களா என்று முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கே: விண்ணப்பத்தோடு நோக்கக் கட்டுரை கேட்கிறார்கள். ஆய்வு எதுவும் செய்ததில்லை. என்ன எழுதுவது?
– வாசகர், காரைக்குடி

ப: ‘பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது’ என்று தொடங்கும் கட்டுரைகள் தேர்வுக்குழுவின் மேஜையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். உங்கள் ஊர்க் கண்மாயை அளந்து எழுதுங்கள். காசு செலவில்லை; கணினியும் இணையமும் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிகஸ் இணையதளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர், பொதுவாக ஐந்து நாளுக்கு ஒரு படம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், படத்தின் பச்சை ஒளிப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க்குறியீடு வரும். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தண்ணீர். 2017 முதல் ஒவ்வோர் ஆண்டும் கண்மாயில் தண்ணீர் நிற்கும் பரப்பை இப்படிக் கணக்கிட்டு, புனே வானிலைத் துறை அலுவலகம் இலவசமாகத் தரும் தினசரி மழையளவோடு ஒப்பிடுங்கள்.

தவறுகள் எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். தை மாதப் படத்தை எடுங்கள். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரைக் குறியீடு செடி என்றே காட்டும். கண்மாய் சுருங்கிவிட்டதாக ஏமாந்துபோவீர்கள். அதனால் கரைமேல் ஒரு நடை போய், மடையும் கலுங்கும் எங்கே, செடி எதுவரை என்று கைப்பேசியில் குறித்து வாருங்கள். மழைத் தரவின் ஒரு கட்டம் சுமார் 27 கிலோமீட்டர் அகலம். அதற்குள் எத்தனையோ கண்மாய்கள் அடங்கும், ஆகவே அதை உங்கள் ஊர் மழை என்று எழுதாதீர்கள். காலநிலை என்று பேச வழக்கமாக 30 ஆண்டுத் தரவு வேண்டும். மழை குறையாமலே கண்மாய் நிறையவில்லை என்றால் வரத்துக்காலைப் போய்ப் பாருங்கள், அடைபட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் காலநிலையைக் காரணம் காட்டாமல் இப்படிப் பிரித்துப் பார்த்த ஒரு பத்தி போதும், குழு உங்களைக் கவனிக்கும்.

கே: மகள் வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறாள். உதவித்தொகை கிடைக்குமா? கடன் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: இப்போதுதான் பட்டம் முடித்தவர் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை முதலில் வரட்டும், கல்விக் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேர வேலை அனுபவமும், படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இங்கே இருக்கும் உறுதியும் தேவை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் இபோஸ் உதவித்தொகைத் திட்டமும் இரண்டாண்டு அனுபவம் கேட்கும்.

கடன் என்றால், ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். நம் பக்கத்தில் சிக்கலே அங்கேதான். பரம்பரை வளவு வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால், அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் வங்கி தொடாது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் என்று இருப்பார்கள். தனிப் பெயரில் பட்டா உள்ள மனை அல்லது வயல் இருந்தால் அதைக் காட்டுங்கள். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வழக்கறிஞர் கருத்து எல்லாம் சேர நாளாகும். சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திராமல், விண்ணப்பம் போடும்போதே பத்திரங்களை எடுத்து வைத்துவிடுங்கள்.