ஹோக்கிங் கதிர்வீச்சு: பேச்சை எங்கே தொடங்குவது?

கேள்வி: வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கிறேன். விஞ்ஞான மன்றத்தில் ஹோக்கிங் கதிர்வீச்சு (கருந்துளைகளிலிருந்து வெளிவரும் என்று ஸ்டீவன் ஹோக்கிங் கணித்த கதிர்வீச்சு) பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். ‘வெற்றிடத்தில் துணிக்கைகள் சோடியாகத் தோன்றும், எதிர்த்துணிக்கை கருந்துளைக்குள் விழும், மற்றது தப்பும்’ என்று எழுதினேன். ஏன் எதிர்த்துணிக்கையே விழ வேண்டும் என்று ரீச்சர் கேட்டார். என்ன சொல்ல?

பதில்: ரீச்சர் சரியான இடத்தில் பிடித்துவிட்டார், தங்கச்சி. அப்படி ஒரு விதியே இல்லை. இரண்டில் எதுவும் விழலாம். விழுவதன் சக்தி, தூரத்தில் நிற்பவரின் கணக்கில் மறையாக, அதாவது சைபருக்குக் கீழே, இருக்கும், அவ்வளவுதான். சோடிக் கதையை ஹோக்கிங்கே சொன்னார், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 1975 கட்டுரையிலேயே எச்சரித்தும் இருந்தார். காரணம் இருக்கிறது. சூரியனின் திணிவுள்ள கருந்துளையின் ஆரை சுமார் 3 கிலோமீற்றர், அதன் கதிர்வீச்சின் அலைநீளமோ கொழும்புக் கோட்டையிலிருந்து அளந்தால் களுத்துறையைத் தாண்டும் (நாற்பது கிலோமீற்றருக்கு மேல்). கருந்துளையின் விளிம்பில் இந்தப் புள்ளியில்தான் துணிக்கை பிறந்தது என்று எதைக் காட்டுவீர்கள்?

என்னைக் கேட்டால் கருந்துளையை விட்டுவிட்டு விரியும் அண்டத்தில் தொடங்குங்கள், அது லேசு. ஹோக்கிங்குக்கு முன்பே, 1960களில், லெனார்ட் பார்க்கர் ஹாவர்ட்டில் தன் கலாநிதிப் பட்டத்துக்குச் செய்த வேலை அது. வெளியெங்கும் பரந்திருக்கும் புலத்தின் ஒவ்வோர் அலையையும் ஓர் ஊசலாக நினையுங்கள். அண்டம் விரிய அலைநீளம் கூடும், மீடிறன் (ஒரு செக்கனில் அதிரும் தடவைகள்) குறையும், ஊசலின் இழையை யாரோ நீட்டுவது மாதிரி. மெதுவாக நீட்டினால் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டென்று நீட்டினால்? அசையாமல் தொங்கும் ஊசலுக்கு அப்போதும் ஒன்றும் ஆகாதுதான், ஆனால் குவாண்டத்தில் அசையாத ஊசல் என்று ஒன்று கிடையாது, ஆகக் குறைந்த சக்தி நிலையிலும் ஒரு நடுக்கம் இருக்கும், அந்தப் பழைய நடுக்கம் புதிய மீடிறனுக்கு உரிய ஆகக் குறைந்த நிலையாகப் பொருந்தாமல் கொஞ்சம் சக்தி மிஞ்சிவிடும். அந்த மிச்சத்தைத்தான் துணிக்கைகள் என்று எண்ணுகிறோம். ஆனால் விரிவு ஒளியை உண்டாக்குகிறது என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்: எல்லாத் திசையிலும் சீராக விரியும் அண்டத்தில் போட்டன்கள் (ஒளித்துணிக்கைகள்) இப்படிப் பிறப்பதில்லை என்று பார்க்கரே காட்டியிருக்கிறார்.

அப்புறம் கருந்துளை. அடிப்படைக் கணக்கு அதே, இங்கே நீட்டுவது நொறுங்கிக் கருந்துளையாகும் நட்சத்திரம். விளிம்பை ஒட்டித் தப்பும் அலைகள் அடுக்குக்குறி முறையில் (சம நேரத்துக்கு ஒரே மடங்காக) நீள்வதால், வெளியே வருவது ஒரு சூடான பொருளின் கதிர்வீச்சுப் போலவே இருக்கும்.

யாராவது இதைப் பார்த்தார்களா என்று மண்டபத்தில் கட்டாயம் கேட்பார்கள். கருந்துளை எதிலும் இதுவரை இல்லை. மேலே சொன்ன கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் பத்துக் கோடியில் ஆறு பங்குதான், சுற்றியுள்ள நுண்ணலைப் பின்னணியோ (அண்டத்தின் ஆரம்பத்திலிருந்து மிஞ்சி எங்கும் நிறைந்த கதிர்வீச்சு) 2.7 கெல்வின், ஆகவே இப்போதைக்கு அது வெளிவிடுவதைவிட விழுங்குவதுதான் அதிகம்.