இயற்கைத் தோட்டம் போட மண்ணின் நுண்ணுயிரியல் தெரிந்திருக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையையும் கூடவே எழுதியிருக்கிறார். ரசாயன உரம் போடாமல் காய்கறி வளர்க்கிறார், இலை மஞ்சளாகிறது. யார் யாரோ சொன்னதைக் கேட்டு நுண்ணுயிர்க் கரைசல் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றியும் பலன் இல்லை. "இதற்கெல்லாம் நுண்ணுயிரியல் படித்துவிட்டு வர வேண்டுமா? அந்தக் காலத்தில் யார் படித்தார்கள்?" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். "புத்தகம் படிச்சா செடி வளந்துடுமா?" என்று என் முகத்துக்கு நேராகவே பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் படிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள். எந்த எரு எத்தனை நாள் மட்க வேண்டும், எந்தப் பயிருக்குப் பின்னால் எதை விதைக்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணாலும் கையாலும் தெரிந்துகொண்டது. நீங்களும் நானும் எங்கிருந்தோ வந்த மண்ணைக் கொட்டி, போன வாரம் படித்த யோசனையை இந்த வாரம் செய்து பார்க்கிறவர்கள். அந்த அனுபவம் நமக்குக் கிடையாது. அந்த இடத்தைக் கொஞ்சம் படிப்பு வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அதற்காகப் பாக்டீரியாவின் பெயரெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். நீங்கள் மண்ணில் போடும் இலை, தழை, எரு எதையும் செடி அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. முதல் பந்தி நுண்ணுயிர்களுக்கு. செடிக்கு எப்போதும் இரண்டாம் பந்திதான். முதல் பந்தியில் எதைப் பரிமாறினீர்களோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த பந்திக்கு மிச்சம் இருக்கும், இல்லாமலும் போகும்.

இதை நான் நேரில் பார்த்தது என் கணவரின் அக்காவுடைய தோட்டத்தில். அண்ணி புதிதாகப் பாத்தி போட்டார். மண் இறுகிக் கிடந்தது, பொலபொலவென்று ஆகட்டும் என்று மரம் அறுக்கும் இடத்திலிருந்து புது மரத்தூள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மண்ணோடு கலந்துவிட்டார். மண் நிஜமாகவே பொலபொலவென்று ஆனது. தக்காளியும் மிளகாயும் நட்டார். நாற்று வேர் பிடித்தது, அதோடு சரி. சில வாரத்தில் கீழ் இலைகள் நரம்போடு சேர்த்து மஞ்சளாகி, மேலே வந்த புது இலைகளும் சிறுத்து வெளிறிப்போய், செடி நின்ற இடத்திலேயே நின்றது. தோட்டக்கலை வகுப்பு எடுக்கும் ஒருவர் படத்தைப் பார்த்தே "வேர் அழுகல்" என்று சொல்லி, மாற்றி மாற்றி ஊற்றச் சொல்லி விதவிதமான பாட்டில்களை விற்றுவிட்டார். அண்ணியும் ஒரு நாள் விடாமல் ஊற்றினார். செடி இன்னும் வெளுத்தது. அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது.

நான் போனதும் முதலில் ஒரு செடியை வேரோடு எடுத்துப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, விரலால் இழுத்தால் தோல் கழன்று வராமல் உறுதியாக இருந்தது. அழுகிய வேர் பழுப்பாகி வழவழவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். மண்ணை முகர்ந்தேன். நாற்றம் இல்லை, மழை பெய்த மண்ணின் வாசம்தான். ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தால் மரத்தூளின் ஒவ்வொரு துகளிலும் வெள்ளை இழை பின்னியிருந்தது. இரண்டு மூன்று துகள்களைச் சேர்த்துக் கட்டியும் வைத்திருந்தது. பூஞ்சை இழை. நல்ல ஆரோக்கியமான பூஞ்சை.

"அண்ணி, இந்த மண்ணில் நுண்ணுயிருக்குக் குறைச்சலே இல்லை. நிறைய வேலை பார்க்குது, அதுதான் செடிக்குக் கிடைக்கலை" என்றேன்.

"அப்போ இத்தனை நாள் நான் ஊத்தினது?"

"ஏற்கெனவே பத்தாத பந்தியில் இன்னும் நாலு பேரை உட்கார வச்ச மாதிரி ஆயிடுச்சு அண்ணி. நீங்க என்ன பண்ணுவீங்க, சொன்னவர் மண்ணையே பார்க்காம சொல்லியிருக்கார்."

கணக்கு இதுதான். பாக்டீரியாவின் உடலில் ஏறக்குறைய 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. தின்னும் கார்பனில் பெரும்பகுதியைச் சுவாசத்தில் எரித்துவிடுவதால், உணவில் சுமார் 24 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து இருந்தால் அதற்குச் சரியாக இருக்கும். பச்சைப் புல்லில் இது 15 முதல் 20 வரை. அதனால் தின்றது போக மிச்சம் மண்ணுக்கு வரும். காய்ந்த இலைச் சருகில் 40 முதல் 80. மரத்தூளில் மரத்தைப் பொறுத்து 200, 400, அதற்கு மேலும் போகும். அவ்வளவு கார்பன் கையில் இருந்து, தழைச்சத்து மட்டும் இல்லாவிட்டால் நுண்ணுயிர் என்ன செய்யும்? மண்ணில் கரைந்திருக்கும் அமோனியத்தையும் நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும். எடுப்பதில் வேரைவிட அது வேகம். செடி பட்டினி கிடக்கும். தன் பழைய இலைகளில் இருக்கும் தழைச்சத்தை உருவிப் புது இலைக்கு அனுப்பும். கீழ் இலை முதலில் மஞ்சளாவது அதனால்தான்.

பாதிப் பாத்தியில் மட்டும் நன்றாக மட்கிய கோழி எருவைத் தூவி, மேலாகக் கிளறி, தண்ணீர் விட்டோம். மறுபாதியை அப்படியே விடச் சொன்னேன். ஏனென்றால் நான் சொல்வது சரியா என்று எனக்கும் தெரிய வேண்டும், அண்ணிக்கும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகவில்லை, ஆகாது. ஆனால் எரு போட்ட பக்கம் அடுத்து வந்த இலைகள் கரும்பச்சையாக விரிந்தன. மறுபக்கம் அப்படியே கிடந்தது. பிறகு அந்தப் பக்கமும் எரு போட்டோம். அடுத்த பருவத்தில் அந்தத் தோட்டத்திலேயே நல்ல மண் அந்தப் பாத்தியில்தான் இருந்தது. கார்பன் எரிந்து தீரத் தீர, நுண்ணுயிர்கள் பிடித்து வைத்திருந்த தழைச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்துவிட்டது.

மரத்தூளே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணுக்குள் கலக்காமல் மேலே மூடாக்காகப் போட்டால் இந்தப் பிரச்சினை மண்ணும் தூளும் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். வேர் அதற்குக் கீழே இருக்கிறது. விதை போட்ட இடத்திலும் சின்ன நாற்றின் அடியிலும் மட்டும் தள்ளிப் போடுங்கள்.

நுண்ணுயிர் பிடித்து வைத்தது எப்படித் திரும்ப வருகிறது என்பதை நான் முதலில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், பிறகு கண்ணாலும் பார்த்தேன். பாக்டீரியாவைத் தின்ன அமீபா, சிலியேட் போன்ற ஒற்றைச் செல் உயிர்கள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களும் இருக்கின்றன. பாக்டீரியாவின் உடலில் தழைச்சத்து அதிகம். தின்றவற்றுக்கு அவ்வளவு தேவை இல்லை. மிஞ்சியதை அமோனியமாக வெளியே விடும், பெரும்பாலும் வேர் ஓரத்திலேயே. வேர் ஓரத்தில்தான் கூட்டம். வேர் சர்க்கரையும் அமிலங்களும் கசிந்துகொண்டே இருப்பதால் பாக்டீரியா அங்கே மொய்க்கிறது, அதைத் தின்பவையும் அங்கேயே வருகின்றன. வேரைச் சுற்றியுள்ள இந்தப் பகுதிக்கு ஜெர்மன் விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர் 1904-லேயே பெயர் வைத்துவிட்டார்.

கண்ணால் பார்த்தேன் என்றேனே, அதைச் சொல்ல வந்தால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் படித்த பள்ளியில் மைக்ராஸ்கோப் இருந்தது. கண்ணாடி அலமாரியில் பூட்டியே இருந்தது. அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் அன்று துடைத்து மேசை மேல் வைப்பார்கள், அவர்கள் போனதும் திரும்ப உள்ளே போய்விடும். நாங்கள் பரீட்சைக்கு அமீபா படம் வரைந்தோம், பாகங்கள் குறித்தோம், முழு மதிப்பெண்ணும் வாங்கினோம். அமீபாவை ஒருவர்கூடப் பார்த்ததில்லை. கேட்டால் "உடைச்சிட்டா யார் பொறுப்பு?" என்பார்கள். ஒரு கருவி உடையாமல் இருப்பதற்காக எத்தனை பிள்ளைகளை அதற்கு வெளியே நிறுத்தினார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் "இதெல்லாம் எதுக்குப் படிக்கணும்" என்று கேட்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காட்டாமலே படிக்கச் சொன்னால் யாருக்குத்தான் அது தேவை என்று தோன்றும்?

வேலைக்குப் போய்ச் சம்பாதித்து நானே ஒன்று வாங்கினேன். வேர் ஓரத்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, மழைத் தண்ணீரில் கலக்கி, மண் படிந்த பிறகு மேலே இருக்கும் ஒரு சொட்டை 400 மடங்கில் வைத்தேன். முதலில் மண் துகள் மட்டும்தான் தெரிந்தது. கண் பழகியதும் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் நடுங்குவது தெரிந்தது. அவற்றில் சில, நடுக்கத்தை மீறி ஒரு திசையில் ஓடின, அவை பாக்டீரியா. திடீரென்று ஓரத்திலிருந்து ஒரு சிலியேட் சுழன்றுகொண்டே உள்ளே வந்து, ஒரு துகளைச் சுற்றிச் சுற்றி வந்து, அந்தப் பக்கமாகப் போனது. உடம்பெல்லாம் மயிரிழை துடித்துக்கொண்டிருந்தது. சொட்டு காயும்வரை நான் எழுந்திருக்கவில்லை. வளமான மண்ணில் ஒரு கிராமுக்கு நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும் என்று எங்கே படித்தாலும் இப்போது எனக்கு அந்தச் சொட்டுதான் ஞாபகம் வருகிறது.

சரி, பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். உயிர் உரம் விற்பவர்களுக்கு நான் எதிரி இல்லை. கண்டபடி ஊற்றுவதற்குத்தான் எதிரி. ரைசோபியம் என்ற பாக்டீரியா ஒரு நல்ல உதாரணம். அவரை, பட்டாணி இனச் செடிகளின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது என்ற புரிதல் 1880-களில் வந்தது. ஜெர்மனியின் நோப்பேயும், மேலே சொன்ன ஹில்ட்னரும் 1896-லேயே அந்தப் பாக்டீரியாவை வளர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு செடிக்கு ஒத்துப்போகும் வகை இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது என்பதும் அப்போதே தெரியும். சோயாவுக்கானதைப் பட்டாணிக்குப் போட்டால் முடிச்சு வராது. அந்த இனச் செடியே இதுவரை வளராத மண்ணில் விதையோடு கலந்து போட்டால் நல்ல பலன் உண்டு. ஏற்கெனவே முடிச்சு வரும் மண்ணில் பெரிதாக ஒன்றும் மாறாது. உங்கள் மண் எப்படி என்று பார்ப்பது சுலபம். பூக்கும் நேரத்தில் ஒரு பீன்ஸ் செடியைத் தோண்டி எடுத்து (இழுக்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்), வேரிலிருக்கும் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்போ ரோஸ் நிறமோ தெரிந்தால் வேலை நடக்கிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியை ஆக்ஸிஜன் கெடுத்துவிடும் என்பதால், நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிவப்புப் புரதம் அங்கே ஆக்ஸிஜனைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது அந்த வகை சரியில்லை. பச்சையோ பழுப்போ என்றால் காலம் முடிந்துவிட்டது. எரு அதிகம் போட்ட மண்ணில் முடிச்சே குறைவாக இருக்கும். கேட்காமலே தழைச்சத்து கிடைத்தால் செடி அந்தச் செலவைச் செய்யாது.

வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சையான வேர் உட்பூசணமும் இதே கதைதான். நிலத்துச் செடி இனங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பூஞ்சையோடு வேரில் கூட்டு வைத்திருக்கின்றன. அந்த இழை வேர் போக முடியாத இடுக்கில் நுழைந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை)க் கொண்டுவந்து தருகிறது. ஆனால் முட்டைக்கோஸ், கடுகு, முள்ளங்கி குடும்பத்துக்கு அந்தக் கூட்டே கிடையாது. அவற்றுக்கு உட்பூசணப் பொடி வாங்கிப் போட்டால் காசுதான் வீண். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே நிறைய இருந்தால் மற்றச் செடிகளும் அந்தக் கூட்டைக் குறைத்துக்கொள்ளும். அடிக்கடி ஆழமாகக் கொத்தினால் இழை அறுந்துபோகும்.

"எனக்கு ஊற்றியதும் பலன் கிடைத்தது" என்று யாராவது எழுதுவார்கள். கிடைத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நாளில் எருவும் போட்டீர்களா, மூடாக்கும் போட்டீர்களா, பாதி இடத்தை ஊற்றாமல் விட்டுப் பார்த்தீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் விஞ்ஞானி இல்லை. பாதியை விட்டுவைக்கும் பழக்கம் மட்டும் எனக்கு உண்டு, பாட்டிலை நம்பலாமா என்று சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பாட்டில் வாங்காமல் மண்ணின் உயிரோட்டத்தைப் பார்க்க வேண்டுமா? வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு துண்டை வெட்டிப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மண் ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து எடுங்கள். தைத்த நூல் பாலியஸ்டராக இருந்தால் அது மட்டும் மிஞ்சும். துணி ஓட்டை ஓட்டையாக வந்தால் பருத்தியைத் தின்னும் உயிர்கள் உங்கள் மண்ணில் தாராளமாக இருக்கின்றன என்று அர்த்தம், மேலே எதையும் ஊற்ற வேண்டாம். போட்டபடியே வந்தால் அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது ஈரம், காற்றோட்டம், மட்கு.

உங்கள் கேள்வியில் மஞ்சள் கீழ் இலையில் தொடங்கியதா மேல் இலையிலா என்று இல்லை. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்து சம்பந்தப்பட்டது. மண்ணின் காரத்தன்மையைப் பார்க்க வேண்டும், நான் மேலே சொன்ன வைத்தியம் உதவாது. கீழ் இலை என்றால், பாத்தி போடும்போது மண்ணோடு என்னென்ன கலந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.