பல்லி முட்டையைப் புரட்டலாமா?

கேள்வி: நான் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி இரண்டு முட்டை இட்டிருக்கிறது. இந்தக் குளிரில் பொரிக்குமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: வெறும் அறைச் சூட்டில் பொரிக்காது. முட்டையைப் புரட்டாதீர்கள், கோழி முட்டைப் பழக்கம் இங்கே ஆகாது, கரு செத்துப்போகலாம். மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, சம எடை தண்ணீர் கலந்த வெர்மிகுலைட்டை (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) மூடியுள்ள டப்பாவில் போட்டு, அதில் பாதி புதையுங்கள். மூடியில் இரண்டு சிறு துளை போதும். அந்த டப்பாவை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள், மீன்தொட்டி ஹீட்டர் மூழ்கிய தண்ணீருக்கு மேலே, செங்கல்லில் வையுங்கள். ஹீட்டரின் எண்ணை நம்பாமல் டப்பாவுக்குள்ளேயே வெப்பமானி வைத்துப் பாருங்கள். 28 பாகையில் ஏறக்குறைய 2 மாதம். 26இல் பெரும்பாலும் பெண், 32இல் பெரும்பாலும் ஆண். தொடக்கத்திலேயே முட்டையில் குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. ஓரமாகச் சில சொட்டு விடுங்கள், முட்டைமேல் படக்கூடாது. பொரிக்கும் தறுவாயில் குழிவது இயல்புதான். மின்வெட்டா? பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள்.