ஆறு வயதுப் பிள்ளைக்கு வெள்ளிக் கோளை எப்படி அறிமுகப்படுத்துவது?

எந்த வீடியோவைக் காட்டலாம், எந்தச் சார்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் சூரியக் குடும்பம் நடத்துகிறார்கள் போல, அதனால்தான் இந்த அவசரம் என்று நினைக்கிறேன். சார்ட் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பிள்ளையை ஒருநாள் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ராத்திரி வானத்தில் நிலாவுக்கு அடுத்தபடி வெள்ளியை விடப் பளிச்சென்று இருக்கும் கோளோ நட்சத்திரமோ கிடையாது. தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும்.

நான் ஆசிரியர் இல்லை. பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஒன்றாம் வகுப்பு படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவினால் சரி.

2025 ஜனவரி. கடையடைத்துவிட்டு அவளை வண்டியில் முன்னால் உட்கார வைத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். "அப்பா, அந்த லைட்டு நம்ம கூடவே வருது" என்றாள். மேற்கே வெள்ளி நின்றது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பிப்ரவரி கடைசியில் நண்பரிடம் ஒரு பைனாகுலர் வாங்கி வந்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் முட்டியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு பார்த்தவள், "அப்பா, இது குட்டி நிலா" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். பிறை! நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி மெல்லிசாக. மார்ச் தொடக்கத்தில் நிலாவும் பிறையாகப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு பிறையும் ஒரே பக்கம், சூரியன் இறங்கிய பக்கம், பார்த்து நின்றன.

(பைனாகுலரில் பார்ப்பதாக இருந்தால் சூரியன் முழுக்க மறைந்த பிறகு மட்டும்தான். தவறிச் சூரியனைப் பார்த்துவிட்டால் கண் போய்விடும். ஆனால் நன்றாக இருட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். லேசாக வெளிச்சம் இருக்கும்போதுதான் வெள்ளி கண்ணைக் கூசாது, பிறை தெளிவாகத் தெரியும்.)

ஏன் பிறை என்று கேட்டாள். கடையில் மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மேஜையில் ஒரு குண்டு பல்பைப் போட்டேன். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கம்பியில் குத்தி பல்பைச் சுற்றிக் கொண்டுபோனேன். பழம் அவளுக்கும் பல்புக்கும் நடுவில் வரும்போது ஓரம் மட்டும் மின்னியது. நம்மைவிடச் சூரியனுக்குக் கிட்டே சுற்றுவதால் வெள்ளி அப்படி நடுவே வர முடிகிறது, நடுராத்திரியில் உச்சியில் அதை ஒருநாளும் பார்க்க முடியாததற்கும் அதுவேதான் காரணம். 1610-ல் கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்ததும் இந்தப் பிறையைத்தான். வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது என்பதற்கு அது பெரிய சாட்சியாக இருந்தது.

இப்போது எனக்கு இன்னும் ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் கோள்களை வரையச் சொன்னார்கள். என் மகள் வெள்ளியை வெள்ளைப் பிறையாக வரைந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு ஆரஞ்சு உருண்டை போட்டு "இப்படி வரையவும்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை அழவில்லை. "நான் பார்த்தது தப்பாப்பா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லக் கிளம்பிவிட்டான் என்று யாரும் வந்துவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். சார்ட்டிலும் ஆரஞ்சுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் மேகலன் விண்கலம் 1990-லிருந்து ரேடார் அலையை அனுப்பி எடுத்த வரைபடம். மேகத்தை ஊடுருவித் தரையை அளந்து, நிறத்தைப் பின்னால் சேர்த்தார்கள். தரையில் இறங்கிய சோவியத் கலங்கள் அனுப்பிய படங்களை வைத்துச் சேர்த்த நிறம் அது, பொய் என்று சொல்ல மாட்டேன். அங்கே தரையில் நின்றால் எல்லாம் ஆரஞ்சாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மேகம்தான் தெரியும், அது வெளுப்பு. ஆகவே என் மகள் பார்த்ததும் சரி. அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

இதே பள்ளிகள்தான் 'புராஜெக்ட்' என்று ஒன்று வைத்திருக்கின்றன. ஸ்டேஷனரி கடையில் பெயிண்ட் அடித்த தெர்மாகோல் உருண்டை தயாராகத் தொங்குகிறது. வேலைக்குப் போய்விட்டு வந்த அம்மா ராத்திரி பதினொரு மணிக்கு அதை ஒட்டிக்கொண்டிருக்கிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. ஒன்றாம் வகுப்புக்கு இது எதற்கு? யாராவது கேட்க வேண்டும்.

சரி, அப்புறம் வெள்ளியின் சூடு. 465 டிகிரி என்றால் குழந்தைக்கு என்ன புரியும்? கடையில் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அவளைக் கையைக் கட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஈயக் கம்பியைத் தொட்டதும் முனை சுருண்டு, பாதரசம் போல ஒரு சொட்டு உருண்டு விழுந்தது. "வெள்ளியில் அயர்ன் வேண்டாம்மா, கம்பியைத் தரையில் வைத்தாலே இப்படி உருகிடும்" என்றேன். சுத்த ஈயமே 327 டிகிரியில் உருகிவிடும். அங்கே காற்று கிட்டத்தட்ட முழுக்கக் கரியமில வாயு, போர்வை மாதிரி சூட்டை வெளியே விடாது. மேகம் இன்வர்ட்டர் பேட்டரியில் ஊற்றுகிற அதே கந்தக அமிலம். காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைப் போல 90 மடங்குக்கும் மேல். 1982-ல் அங்கே இறங்கிய வெனேரா 13 என்ற கலம் 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. "அதுவரைக்கும் போட்டோ எடுத்துச்சா?" என்றாள். எடுத்தது என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் எல்லா விளையாட்டும் வெனேராதான்.

மார்ச் மூன்றாம் வாரம் வெள்ளி மேற்கில் இறங்கி மறைந்துவிட்டது. தினமும் தேடினாள். திரும்ப வரும் என்று மட்டும் சொல்லி வைத்தேன், எங்கே என்று சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். விடிகாலையில் முற்றம் தெளிக்க எழுந்த என் அம்மா, "விடிவெள்ளி முளைச்சிட்டு, எந்திரிங்க" என்று குரல் கொடுத்தார்கள். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போய்க் கிழக்கே பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு உள்ளே ஓடிவந்து என்னை உலுக்கினாள். "அப்பா, நம்ம வெள்ளி! இந்தப் பக்கம் வந்திருச்சு!"

உங்களுக்கு இப்போது மாலையில் தெரியாவிட்டால் விடியற்காலையில் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் சூரியனுக்குப் பின்னாலோ முன்னாலோ இருக்கிறது, காத்திருங்கள். மாலையில் தெரிந்து, காலைக்குப் போய், மறுபடி மாலைக்கு வர மொத்தம் ஏறக்குறைய 584 நாள், அதற்குள் இரண்டு பக்கமும் வந்துவிடும். எட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதியில் அதே இடத்துக்கு வரும். நாங்கள் பார்த்த அந்தப் பிறை 2033 மார்ச் தொடக்கத்தில் மறுபடியும் மேற்கே நிற்கும். அப்போது என் மகளுக்கு 14 வயது.