படபடப்பு மாத்திரையை நானே நிறுத்தலாமா?

கேள்வி: வயது 48. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு ஓட்டுகிறேன். படபடப்புக்கும் தூக்கத்துக்கும் பாலக்காட்டு டாக்டர் எழுதித் தந்த அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை இரண்டு வருடமாக இரவில் போடுகிறேன். போன மாதம் நானே நிறுத்தினேன். இரண்டாம் நாளே கை நடுக்கம், வியர்வை, பொட்டுத் தூக்கம் இல்லை. திரும்பப் போட்டதும் சரியானது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்கிறார் மைத்துனர். சாயந்திரம் கள்ளு குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள் கூட்டாளிகள். நான் அடிமையாகிவிட்டேனா?

பதில்: திரும்பப் போட்டது சரிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதவருக்கும் சில வாரங்களிலேயே உடம்பு இதற்குப் பழகிவிடும். மூளையில் காபா என்ற ரசாயனம் பிரேக் மாதிரி. மாத்திரை அந்தப் பிரேக்கை நாள்தோறும் மிதித்துக்கொண்டே இருந்ததால், மூளை தன் காலை எடுத்துவிட்டது. அது திரும்பக் கால் வைக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மாத்திரையைப் பிடுங்கினால் நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். வண்டி ஓட்டுகிற உங்களுக்கு இது விளையாட்டல்ல.

மைத்துனர் யோசனையும் வேண்டாம். அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். போடாத நாளெல்லாம் உடம்புக்கு நிறுத்திய நாள்தான். தினமும் போட்டுக்கொண்டே அளவைக் குறைப்பதுதான் முறை. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று தொடங்குவது வழக்கம். 0.5 மாத்திரையில் அவ்வளவு நுணுக்கமாக வெட்ட முடியாது என்பதால், உடம்பில் நீண்ட நேரம் தங்கும் டயஸிபாமுக்கோ குளோனசிபாமுக்கோ டாக்டர் மாற்றித் தரலாம். ஒரு படியில் சிரமமானால் அங்கேயே இன்னும் சில வாரம் நிற்கலாம், அவசரமில்லை. அப்புறம், அட்டையில் எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) என்று போட்டிருந்தால் அந்த மாத்திரையை உடைக்கவே கூடாது.

கள்ளு விஷயத்தில் மட்டும் நான் கறார். அதுவும் காபா வழியாகத்தான் வேலை செய்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். சித்தூர் தாலுகாவில் தோப்புக்குத் தோப்பு கள்ளு இறங்கும்போது வேண்டாம் என்பது கஷ்டம்தான். "மருந்து சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே தினமும் குடிப்பவர் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், குறைக்கும் திட்டமே மாறும்.

இந்த மாத்திரை, அரசு விற்பனைக் கட்டுப்பாடு வைத்திருக்கும் மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை என்று அலையாமல் ஒரே டாக்டரிடம் போங்கள். பாலக்காடு தூரமென்றால், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் பக்கத்தில் எங்கே, எப்போது வருகிறார் என்று ஆஷா பணியாளரிடம் கேளுங்கள். அதுவரை இப்போதைய அளவே தொடரட்டும். அட்டை தீரும் முன்பே போய்விடுங்கள். குறைக்கும் நாட்களில் தூக்கக் கலக்கமோ நடுக்கமோ இருந்தால் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். வலிப்போ, ஆள் குழம்புவதோ, இல்லாதது தெரிவதோ இருந்தால் வீட்டார் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நடுராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.