கேக் கேள்வி – பதில்: ஃபாண்டன்ட் கேக்கைக் கிழியாமல் வெட்ட

கேள்வி: அக்கா, மகளின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டடுக்கு ஃபாண்டன்ட் கேக் (சர்க்கரை மாவை விரித்துத் தோல் மாதிரி போர்த்தியது) சொல்லியிருக்கிறோம். கீழே 8 அங்குலம், மேலே 6 அங்குலம். நாத்தனார் வீட்டு விழாவில் இதே மாதிரி கேக்கை வெட்டியபோது மேல்தோல் கிழிந்து தனியே வந்துவிட்டது. 40 பேருக்கு எப்படி வெட்டிக் கொடுப்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போட்டோவுக்கு வெட்டுவது வேறு, பரிமாற வெட்டுவது வேறு. குழந்தையின் கையைப் பிடித்து ஒரு துண்டு எடுத்து ஊட்டியதும், கேக்கைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மாமாவும் சித்தப்பாவும் சுற்றி நின்று யோசனை சொல்லும் இடத்தில் எந்தக் கேக்கும் நேராக வெட்டுப்படாது.

அடுக்குகளை முதலில் பிரியுங்கள். உள்ளே தாங்கலுக்கு மரக்குச்சியோ தடித்த ஸ்ட்ராவோ செருகியிருப்பார்கள். எத்தனை என்று கேக் செய்தவரிடம் கேட்டு, எண்ணி எடுங்கள். பொம்மைக்குள் பல்குச்சியும் பூக்காம்பில் கம்பியும் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் வருகிற வீடு, பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் கிழியப் பெரும்பாலும் கத்திதான் காரணம். கேக்கோடு தருகிற பிளாஸ்டிக் கத்தி இதற்கு ஆகாது. பல் வைத்த பிரெட் கத்தியால் அறுத்தால் தோலையும் சேர்த்து இழுக்கும். பல் இல்லாத, மெலிசான, நீளக் கத்தி வேண்டும். உயரமான எவர்சில்வர் பாத்திரத்தில் நல்ல சூடான வெந்நீர் வைத்து, கத்தியை முக்கி, ஈரம் போகத் துடைத்து வெட்டுங்கள். ஈரம் இருந்தால் சர்க்கரை கரைந்து பிசுபிசுக்கும். முனையால் தோலைத் துளைத்து, நேராகக் கீழே அமுக்கி, தட்டை ஒட்டியே உங்கள் பக்கமாக உருவுங்கள். மேலே தூக்கினால் க்ரீமும் கூடவே வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். சோம்பல்பட்டால் சாக்லேட் கேக் துகள் வெள்ளைத் தோலில் தீற்றிவிடும்.

முக்கோணத் துண்டு வேண்டாம். ஓரத்திலிருந்து 1 அங்குல அகலத்தில் இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை ஒரு பட்டை வெட்டி, பலகையில் சாய்த்துப் படுக்கவைத்து, 2 அங்குலத்துக்கு ஒன்றாக நறுக்குங்கள். 8 அங்குலத்தில் 20, 24 துண்டு வரும். 6 அங்குலத்தில் 10, 12. ஆக, 40 பேருக்குக் கொஞ்சம் குறையும். அடி அடுக்கை 10 அங்குலமாக்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் தோல் வியர்க்கும். பெட்டியைத் திறக்காமலே கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். அப்படியும் வியர்த்தால் துடைக்காதீர்கள், ஃபேன் காற்றில் தானே உலரும்.

அப்புறம், சில ஃபாண்டன்ட்களில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும். சைவ உறவினர்கள் வருவார்கள் என்றால் ஆர்டரின்போதே சொல்லுங்கள். ஜெலட்டின் இல்லாததும் கிடைக்கிறது. சிலர் தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார்கள். அதற்கு வருத்தப்பட வேண்டாம், இத்தனை கேக் செய்கிற நானே அப்படித்தான் சாப்பிடுவேன்.