ஏடிஎச்டி அறிகுறி குழந்தைக்கு, பயிற்சி ஏன் பெற்றோருக்கு?

நான்கு வயதுக் குழந்தைக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், அடங்காத துறுதுறுப்போடு, யோசிக்காமல் செயல்பட வைக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) அறிகுறிகள் இருக்கின்றன என்று போனால், மருத்துவர் பெற்றோரைப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். குழப்பம் வருவது இயல்புதான்.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது, எதை உடனே பாராட்டுவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்று பெற்றோர் சில வாரங்கள் பழகிக்கொள்வதுதான் பெற்றோர் பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல், 4 வயது முதல் 6 வயது நிறையும் முன்வரை இதையே முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. மருந்து அப்புறம்தான்.

காரணம் என்ன? நாளைக்குக் கிடைக்கப்போகும் பரிசோ, "சாயங்காலம் இருக்கு உனக்கு" என்ற மிரட்டலோ இந்தக் குழந்தைகளின் மனதில் நிற்காது. அந்த நொடியில் நடப்பதுதான் பதியும். அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர் மருத்துவர் அல்ல, நீங்கள்.

"ஏன் இப்படி இறைச்சு வச்சிருக்க?" என்று அடுத்த அறையிலிருந்து கத்தாமல், அருகில் போய்க் குனிந்து, "சிவப்புக் காரைக் கூடையில போடு" என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். போட்டதும், "சொன்ன உடனே போட்டுட்டியே!" என்று பாராட்டுங்கள். என்னைக் கேட்டால், திட்டாமல் இருப்பதைவிட இந்தப் பாராட்டை மறக்காமல் சொல்வதுதான் கஷ்டம்.

பிரேக் தாமதமாகப் பிடிக்கும் சைக்கிளை ஓட்டிப் பழகியவர், திருப்பம் வரும் முன்பே அழுத்துவார். "இன்னும் ஐந்து நிமிடத்தில் விளையாட்டு முடியும்" என்று முன்கூட்டியே சொல்வதும் அப்படித்தான்.

பயிற்சி பெற்றோருக்கு என்பதால் வளர்ப்பில்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். ஏடிஎச்டியில் பெரும்பங்கு மரபுவழி வருவது, வளர்ப்பு அதற்குக் காரணமல்ல.